தவக்காலத்துச் சுங்கான்

தவக்காலத்தில புனிதம் சாராயக்கடைக்குப் போனவள் எண்டு எங்கட கரையில ஒரு கதை உலாவுது. ஓம், போனனான். ஒளிச்சு மறைச்சுப் போகேல்ல. பட்டப்பகலில, குடையும் பிடிச்சுக்கொண்டு, முன்வாசலாலதான் போனனான். ஏன் போனனான் எண்டு கேக்காமல் கதைக்கிற ஆக்கள் வாய் நோக நோகக் கதைக்கட்டும். கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன்.

என்ர மனிசன் யாகப்பு முல்லைத்தீவுக் கடலில தொழில் செய்து தலை நரைச்ச ஆள். சுருட்டு இல்லாத வாயோட அவரை ஒருத்தரும் கண்டதில்லை. கலியாணப் படத்தில கூட வலக்கை முதுகுக்குப் பின்னால நிக்குது, அதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும். ஆனால் கதை சொல்லுறதெண்டால் அவர்தான். கரை வாடிக் கொட்டிலில இருந்து தொடங்கினாரெண்டால் வலை பொத்துறவை ஊசியை வைச்சிட்டுக் கேப்பினம். அதிலயும் அந்தச் சுறாக் கதை! ஒரு இழுவை இழுத்து, புகையை விட்டு, "அப்ப பார், அது திரும்பிச்சுது" எண்டு சுருட்டை நீட்டுவார். சுருட்டுத்தான் சுறா, சுருட்டுத்தான் வள்ளம், சுருட்டுத்தான் ஈட்டி. அந்தச் சுறாவை அண்டைக்குக் கரையில வெட்டினது நான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கதையில அது பாதி வள்ளம். நான் நடுவில புகுந்து, "ஒரு முழம்!" எண்டு கத்துவன். எல்லாரும் சிரிப்பினம். அவரும் சிரிப்பார்.

போன வருசம் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில நெஞ்சுக்குழாய்க்குள்ள என்னவோ சின்ன வலைக்குழலை வைச்சு ஆளைத் திருப்பித் தந்தவை. அங்க இருந்த டொக்டர் பிள்ளை, சின்னப் பிள்ளைதான், ஆனால் வாய் என்ர வாய்மாதிரி. "ஐயா, இனி ஒரு சுருட்டுப் பத்தினாலும் என்னட்டை வராதேங்கோ. நேர சேமக்காலைக் குழிக்குப் போங்கோ, வழியில நேரம் மிச்சம்" எண்டா.

அண்டைக்கே விட்டிட்டார். உண்மையைச் சொல்லவேணும், ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆனால் சுருட்டோட சேர்ந்து கதையும் போட்டுது. களப்புக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், வெறும் விரலைப் பாத்துக்கொண்டு இருப்பார். ஈர்க்குக் கடிப்பார். தீக்குச்சி கடிப்பார். என்ர ஊசிப்பெட்டி மூடியைக்கூடக் கடிச்சு வைச்சிருந்தார். வாடியில எல்லாரும் பத்துற இடம், அதால அங்கையும் போறேல்லை. ஆரும் வந்து சுறாக் கதையைக் கேட்டால், "அது பழங்கதை, விடு" எண்டு எழும்பிப் போடுவார்.

 இப்பிடி இருக்கிற மனிசன் ஒருநாள் போய் ஒண்டை மூட்டிப்போடுவார் எண்டு எனக்குப் பயம். வேலிக்கு அங்கால ஆரும் தீக்குச்சி தட்டினாலும் ஓடிப்போய்ப் பாப்பன். யுத்தத்தில செல்லடிக்குள்ளால உயிரோட இழுத்துக்கொண்டு வந்த மனிசனை ஒரு சுருட்டுக்குத் தூக்கிக் குடுக்க நான் என்ன விசரியே? எனக்கு இவர் வேணும். வேற ஒண்டும் வேண்டாம்.

விபூதிப் புதனுக்கு முதல் கிழமை வவுனியாவில கிளினிக். இவரை வாங்கில இருத்திப்போட்டு, நம்பர் வர நேரமெடுக்கும் எண்டு, மீன் பொரிக்க ஒரு பெரிய தாச்சி பாக்க நெளுக்குளத்துக்குப் போனன். அங்க சிறாஜ் எண்ட தம்பி பழைய சாமான் கடை வைச்சிருக்கிறார். ஓட்டைக் குடத்திலயிருந்து பியானோ மூடி வரைக்கும் கிடக்கும். போய்ப் பாத்தால் ஆள் கதிரையில சாய்ஞ்சுகொண்டு, வாயில ஒரு சுங்கான். இங்கிலீசுப் படத்தில துரைமார் வைச்சுக் குடிக்கிறது, அதேதான். ஆனால் புகையில்லை.

"என்ன தம்பி, மூட்டாத சுங்கானை ஏன் சப்பிக்கொண்டிருக்கிறீர்?"

"சிகரெட்டை விட்டனான் அக்கா. ஷமீலாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தது." ஷமீலா அவற்ர மனிசி. "விட்டாப் பிறகு வாயும் கையும் சும்மா இருக்குதில்லை. இதைப் பிடிச்சுக்கொண்டால் ரெண்டுக்கும் வேலை. உள்ளுக்கு ஒண்டுமில்லை, பாருங்கோ."

வாங்கி மணந்து பாத்தன். வெறும் மர மணம். தாச்சி அந்த நிமிசமே மறந்துபோச்சு.

"தம்பி, இதை எனக்குத் தாரும்."

"இது என்ர வாயில இருந்தது அக்கா! பொறுங்கோ."

உள்ளுக்குப் போய் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்தார். மலைநாட்டில ஒரு தோட்டத்துப் பங்களாவைக் காலி பண்ணேக்க எடுத்த சாமானாம். உள்ளுக்கு மூண்டு சுங்கான். ஒண்டு கொக்கிமாதிரி வளைஞ்சது, ஒண்டு கட்டைக் குண்டு, ஒண்டு நேரானது. அந்த நேரானதில ஊத்தைக்குள்ளாலயும் செம்மரத்து ரேகை எழும்பித் தெரிஞ்சுது. மற்றபடி எல்லாம் பாக்க ஏலாது. கிண்ணத்துக்குள்ள கரி கட்டிபட்டு ஒரு விரல் போகாது. வாய் வைக்கிற கறுப்பு ரப்பர்க் குழல் பழுத்துப்போய்ப் பாசிப் பச்சை. புளியங்குளத்து மச்சாளுக்கு எண்டு கொண்டுபோன திருக்கைக் கருவாட்டுப் பையைத் தூக்கி அவற்ர மேசையில வைச்சிட்டு ரின்னை எடுத்தன். மச்சாள் இண்டைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை.

"துப்பரவாக்கிற முறை சொல்லித்தாறன் அக்கா" எண்டார் சிறாஜ்.

"சட்டி பானை கழுவிக் கை தேஞ்ச எனக்கோ?" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். அந்த வாய்தான் எனக்குச் சத்துரு.

பஸ்ஸில ரின் என்ர மடியில, சேலைத் தலைப்புக்குக் கீழ. மாங்குளம் தாண்டேல்ல, பக்கத்தில இருந்த இவர் மூக்கைத் தூக்கினார்.

"புனிதம், இந்த பஸ்ஸுக்குள்ள ஆரோ நல்ல சுருட்டு வைச்சிருக்கிறான்."

கனகாலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அந்த முகத்தில வெளிச்சம் கண்டது. நான் ரின்னைச் சேலைத் தலைப்பால இன்னும் இறுக்கி மூடினன். மருந்தெண்டு நினைச்சு நஞ்சையல்லோ மடியில வைச்சுக்கொண்டு போறன்! இந்த மணம் கிடக்கிற சுங்கானை இவற்ர கையில குடுத்தால் அடுத்த நாளே உள்ளுக்குப் புகையிலை போயிடும். மணம் முழுக்கச் சாகவேணும். செத்தாப் பிறகுதான் காட்டுறது. அதுவரைக்கும் ரின் அரிசி வாளிக்குப் பின்னால.

முதல் வளைஞ்சதை எடுத்தன். எங்கட ஆக்களுக்கு ஊத்தையெண்டால் புளிதான். பித்தளைக்கும் புளி, மீன் சட்டிக்கும் புளி. அடுப்பில புளித்தண்ணியை வைச்சுச் சுங்கானை உள்ளுக்குப் போட்டுக் கொதிக்கவிட்டன். நல்லாய்க் கொதிக்கட்டும் எண்டு கறியையும் பாத்துக்கொண்டு நிண்டன். திறந்து பாத்தால், வளைஞ்ச குழல் நிமிர்ந்து நேராய் நிக்குது! கிண்ணம் மேலயிருந்து கீழ வரைக்கும் வெடிச்சுக் கிடக்குது. ஒரு தோட்டத்துரை எத்தினை வருசமோ பிடிச்ச சாமானை நான் ஒரு கறி வேகிற நேரத்தில கொண்டுபோட்டன். தென்னைக்குக் கீழ தாட்டன்.

அடுத்தது அந்தக் கட்டைக் குண்டன். அதுக்கு அப்பிடிச் செய்யேல்ல. அந்தளவு புத்தி வந்திட்டுது. ஈர்க்கு நுனியில பஞ்சைச் சுத்திக் குழலைக் குடைஞ்சு, கரியைச் சின்னக் கத்தியால மெல்லமாய்ச் சுரண்டி, தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்ச்சு எடுத்தன். ரப்பர்க் குழலைப் பற்பசை போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பச்சை போய்க் கறுப்பு மினுங்கிச்சுது. எனக்கே புழுகம். பேந்து வெயிலில வைக்கவேணுமே. கடக்கரையில ஒரு சாமானை வெளியில வைச்சால் காகம் விடுமே? எங்கட வளவில காகம் நெருங்காத இடம் ஒண்டுதான் இருக்கு. கருவாடு காயப்போடுற பரண், மேல வலை போட்டு மூடிக் கிடக்கும். அதுக்குள்ள, சூடைக் கருவாட்டுக்கும் கட்டாக் கருவாட்டுக்கும் நடுவில, குண்டனைப் படுக்கவிட்டன்.

சில நாளால எடுத்து மணந்தன். புகையிலை மணம் துப்பரவாயில்லை. ஐயோ, என்ர மாதாவே, முழுக் கருவாடு! மரம் குடிச்சிட்டுது. கழுவினன், போகேல்ல. துடைச்சன், போகேல்ல. பூனை வந்து காலைச் சுத்திக்கொண்டு என்ர கையைப் பாத்துக் கத்துது. இதை மனிசற்ர வாயில வைக்கக் குடுத்தால் என்னைப் பேய் பிடிச்சவள் எண்டெல்லோ நினைப்பார்.

மிச்சம் அந்த நேரானது ஒண்டுதான். வெக்கத்தை விட்டுச் சிறாஜுக்கு போன் எடுத்தன். அதுக்குள்ள தவக்காலம் தொடங்கியிட்டுது, சிறாஜ் ஆக்களின்ர ரமழான் நோன்பும் இந்த வருசம் எங்களோட சேர்ந்துதான் தொடங்கினது. நடந்ததைச் சொல்ல அந்தத் தம்பி சிரிச்ச சிரிப்பு, தண்ணி குடிக்காமல் இருக்கிற மனிசன், மயங்கி விழப்போகுது எண்டு பயந்திட்டன்.

"அக்கா, நான் என்ர சுங்கானை வெயிலிலயும் காத்திலயும் வைச்சு வைச்சு ஒரு வருசம் பாத்தனான். அப்பத்தான் மணம் போனது."

"எனக்கு ஒரு வருசம் இல்லைத் தம்பி. மனிசன் ஈர்க்குக் கடிக்கிறார்."

 "வேற முறையும் இருக்கக்கா. வீடியோவில பாத்தது. கிண்ணம் நிறைய உப்புப் போட்டு, அதுக்கு மேல... யா அல்லாஹ், நோன்பு வாயால இதைச் சொல்ல வைக்கிறீங்களே... சாராயம் விடவேணும். ஒரு இரவு வைச்சால் உப்பு எல்லா ஊத்தையையும் இழுத்துப்போடும். நான் செய்யேல்ல, எங்களுக்கு ஆகாது. நீங்க எப்பிடியோ எனக்குத் தெரியாது."

நாங்கள் எப்பிடியோ! எங்கட கோயில் மாதர் சங்கத் தலைவி நான். தவக்காலம் முடியுமட்டும் கரையில ஒரு ஆம்பிளையும் சாராயம் தொடக்கூடாது எண்டு விபூதிப் புதனில மைக்கில கத்தினவள் நான். வேற ஆரையும் அனுப்பினால் அவையின்ர பேர் கெடும். என்ர பேர் எண்டால் எனக்குத் தாங்கும். குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன்.

கடைக்கு முன்னால எங்கட கரை ஆம்பிளையள் வரிசையில நிண்டவை. என்னைக் கண்டவுடன அந்த வரிசை போன போக்கு! ஒருத்தன் மதிலால பாய்ஞ்சான். ஒருத்தன் பக்கத்துக் கடையில குழந்தைப்பிள்ளைப் பால்மா விலை கேக்கிறான், அவனுக்கு இன்னும் கலியாணமே ஆகேல்ல. ஒரு நிமிசத்தில நான்தான் வரிசையில முதலாள். கவுண்டரில இருந்த பொடியன் எழும்பி நிண்டு, "அம்மா, கடை பூட்டப்போறம்" எண்டான்.

"பூட்டுறதுக்கு முதல் ஒரு கால் போத்தல் தா" எண்டன்.

அவன் என்னைப் பாத்தான், போத்தலைப் பாத்தான். பேப்பரை ரெண்டு மூண்டு தரம் சுத்தித் தந்தான்.

நான் வீட்டை வந்து சேர முதல் கதை வந்து சேர்ந்திட்டுது. குசினி மேசையில உப்பையும் தேசிக்காயையும் போத்தலையும் எடுத்து வைக்கிறன், வாசலில சங்கத்துச் செயலாளர் ரஜிதா மூச்சு வாங்கிக்கொண்டு நிக்கிறா. மேசையைப் பாத்தா. பக்கத்துத் தட்டில பின்னேரக் கறிக்கு எண்டு வைச்ச கருவாடும் கிடக்குது.

"உப்பு, தேசிக்காய், கடிக்கக் கருவாடு... அக்கா, எல்லா ஆயத்தமும் பண்ணித்தான் இருக்கிறியள்."

"ரஜிதா, போட்டு நாளைக்கு வாரும்."

"அக்கா, பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வரட்டே?"

"நாளைக்கு வாரும் எண்டு சொன்னனான்!"

அவா போக, கிண்ணம் நிறைய உப்பை நிரப்பி, சாராயத்தைச் சொட்டுச் சொட்டாய் விட்டு, சுங்கான் சரியாமல் நிக்க ஒரு கோப்பை அரிசிக்குள்ள குத்தி வைச்சு, ஓலைக் கடகத்தால மூடினன். நிமிர்ந்தால் பின்வாசலில இவர். களப்பில இருந்து வந்த கோலம், உடுப்பும் மாத்தேல்ல. கண்ணெல்லாம் சிவந்து கிடக்குது.

"புனிதம்" எண்டார். "நீ இதைத் தொடங்கினது என்னாலதானே?"

"எதை?"

"ஒளிக்காதை. வாடியில நிண்டவங்கள் வழியில மறிச்சுச் சொன்னவங்கள். நான் சுருட்டை விட்டிட்டு ஊமையாய்த் திரிஞ்சதில நீ போத்தலைப் பிடிச்சிட்டாய். பிழை என்னிலதான். நான் இனிக் கதைக்கிறனப்பா. காலமை எழும்பினதில இருந்து கதைக்கிறன். சிரிக்கிறன். நீ அதை விட்டிடு."

சொல்லிப்போட்டுச் சிரிச்சும் காட்டினார். அந்தச் சிரிப்பைப் பாக்கேக்க எனக்கு முதல் சிரிப்பு வந்து, பேந்து அழுகை வந்து, ரெண்டும் கலந்து மூக்கால ஓடிச்சுது. என்னைக் குடிகாரி எண்டு நினைச்சும் ஒரு ஏச்சு ஏசேல்ல பாருங்கோ. அதுக்குமேல மறைக்க என்னால ஏலாமல் போச்சு. கடகத்தைத் தூக்கிக் காட்டினன். பஸ், சிறாஜ், தென்னைக்குக் கீழ தாட்டது, எல்லாத்தையும் கொட்டினன்.

 அவர் குந்தியிருந்து அந்தச் சுங்கானையே பாத்துக்கொண்டிருந்தார்.

விடியக் காலமை ரெண்டு பேருமாய்த் தட்டி எடுத்தம். நான் போட்டது வெள்ளை உப்பு. விழுந்தது தார். கட்டி கட்டியாய்க் கறுப்பும் கபிலமும். இவர் ஒரு கட்டியை விரலால நசுக்கிப் பாத்தார்.

"இந்தச் சின்னக் கிண்ணத்துக்குள்ள இவ்வளவோ" எண்டார். கை தன்ர பாட்டில நெஞ்சுக்குப் போட்டுது. "இதுக்குள்ள எவ்வளவு கிடக்கோ."

நான் சுங்கானைத் துடைச்சு நீட்டினன். மணந்தார். அவற்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டன். பஸ்ஸில கண்ட அந்த வெளிச்சம் வருதோ எண்டு பாத்தன். வரேல்ல.

"புகையிலை இல்லை. வெறும் சாராயம்தான்." எண்டுபோட்டுத் திருப்பித் தந்தார். "பாஸ்காவுக்குப் பிறகு தா. தவக்காலத்தில சாராயம் வாயில படக்கூடாது எண்டு ஒரு தலைவி மைக்கில சொன்னவா."

எனக்கு வந்த கோவம்! இவ்வளவு பாடுபட்டு, பேரைக் கெடுத்து, மச்சாளையும் பகைச்சு! சங்கத்தையும் தலைவியையும் சேர்த்து ஏச வாயைத் திறக்க, பூனை யன்னல் கட்டில ஏறிக் கத்திச்சுது. அங்கதான் குண்டனை எறிஞ்சு வைச்சிருந்தனான். இவர் எழும்பிப் போய் அதை எடுத்தார். கையில உருட்டினார். மணந்தார். திரும்ப மணந்தார்.

"இதென்னப்பா, சூடைக் கருவாடு மணக்குது?"

"அது பிழைச்சுப்போச்சு. தாரும், எறிவம்."

"ஏன் எறிவான்? தவக்காலத்தில இறைச்சிக்குத்தானே தடை, மீனுக்கில்லையே?" எண்டு கேட்டுக்கொண்டு அதை வாயில வைச்சார். வைச்சவர் எடுக்கேல்ல. அப்பிடியே படலையைத் திறந்துகொண்டு வாடிப் பக்கம் நடந்தார். பூனை பின்னால போச்சுது.

மத்தியானம் வாடியில இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்திச்சுது. ஒராளின்ர சிரிப்பில்லை, கூட்டச் சிரிப்பு. நான் அடுப்பை நூத்துப்போட்டு வேலியில போய் நிண்டு கேட்டன்.

ரஜிதா சுவாமியிட்டப் போகாமல் இருப்பாவே? போய்ச் சொன்னவாதான். சுவாமி வந்து விசாரிச்சு, சிரிச்சு, சுங்கானுக்கு மினுக்கம் ஏத்த எண்டு பழைய பாஸ்காத் திரியின்ர தேன்மெழுகுக் கட்டையும் குடுத்துவிட்டார். மற்றச் சனத்துக்கு மட்டும் ஒருத்தரும் விளக்கம் சொல்லேல்ல, அதால கதை இண்டைக்கும் நடக்குது.

தவக்காலம் முழுக்க நேரான சுங்கானைக் காத்தில வைச்சு வைச்சு எடுத்தன், பரணில இல்லை. மெழுகு போட்டுத் துணியால தேய்க்க அந்தச் செம்மர ரேகை ஒவ்வொண்டாய் எழும்பி வந்திச்சுது. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து இவற்ர கையில குடுத்தன். மணந்து பாத்தார். மரமும் மெழுகும்தான். கண்ணை மூடி வாயில வைச்சார்.  பேந்து எழும்பி வலைக் கொட்டிலுக்குப் போய், ஒரு பழைய மிதவையை எடுத்துக்கொண்டு வந்தார். அதின்ர ஓட்டைக்குள்ள விரலை விட்டு ஒரு பொலித்தீன் பொட்டலத்தை இழுத்தார்.

உள்ளுக்கு ஒரு சுருட்டு.

"ஆஸ்பத்திரியால வந்த நாள் தொடக்கம் கிடக்குது" எண்டார். "பத்தேல்ல, புனிதம். சத்தியமாய்ப் பத்தேல்ல. ஏலாத நேரத்தில எடுத்து மணப்பன். இருக்கெண்ட தைரியத்திலதான் இவ்வளவு நாளும் இருந்தனான். இனி இது எனக்கு வேண்டாம். நீயே எறி."

நான் வேலிக்கு வேலி ஓடிக் காவல் காத்தது! அது என்ர கொட்டிலுக்குள்ள படுத்துக் கிடந்திருக்குது! வாயில வந்த அவ்வளவையும் கேட்டிருப்பன். ஆனால் தானாய் எடுத்து நீட்டினவரை என்னெண்டு ஏசுறது? வாங்கிக்கொண்டு போய் எரியிற அடுப்புக்குள்ள போட்டன்.

அது பெரிய விசர் வேலை எண்டு போட்டாப் பிறகுதான் தெரிஞ்சுது. காய்ஞ்சு கிடந்த யாழ்ப்பாணச் சுருட்டு, குசினி முழுக்கப் புகை. கண் தெரியாமல் இருமிக்கொண்டு ரெண்டு பேரும் முத்தத்துக்கு ஓடினம். புகை யன்னலால எங்களுக்குப் பின்னால வருது, அவருக்குப் பிடிச்ச அதே மணத்தோட. நான் மூச்சையும் பிடிச்சுக்கொண்டு இவரைப் பாத்தன். வாயில சுங்கானோட நிமிர்ந்து, கடலுக்குப் போறவை பாக்கிறமாதிரி, காத்து எந்தப் பக்கத்தால வருதெண்டு பாத்தார். பாத்திட்டு என்ர கையைப் பிடிச்சு, புகை வராத பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்க, கவிட்டுக் கிடந்த வள்ளத்தில என்னை இருத்திப்போட்டு, சுங்கானை வாயில இருந்து எடுத்து நீட்டினார்.

"அப்ப பார் புனிதம், அது திரும்பிச்சுது."

இந்தமுறை அந்தச் சுறா வள்ளத்தைவிட நீளம். நான் "ஒரு முழம்" எண்டு கத்தேல்ல. வளரட்டும்.